வண்டியின் இன்சூரன்ஸ் எந்த ஊர் வரை வரும்?

திருநெல்வேலியிலிருந்து வடக்கே வண்டியில் கிளம்புகிறவர்களுக்கு வழி ஒரு பிரச்சினையே இல்லை. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அதில் ஏறிவிட்டால் மதுரை, சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர் என்று சாலையே இழுத்துக்கொண்டு போய்விடும்; அங்கிருந்து ஜபல்பூர், ரீவா, பிரயாக்ராஜ், கோரக்பூர் வழியாகச் சுனௌலி எல்லையைப் பிடித்து நேபாளத்துக்குள் நுழையலாம். 2,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இந்தப் பயணம் நம் பகுதி இளைஞர்கள் பலருக்கு இப்போது பெரிய கனவாக இருக்கிறது. டயர், செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் கேபிள் என்று வண்டியைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறார்கள். காகிதம் என்று வந்தால் மட்டும் "இன்சூரன்ஸ்லாம் இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இருக்கிற இன்சூரன்ஸ் எந்த ஊர் வரை வரும் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டும், புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே கேட்க வேண்டும், பதிலை எழுத்தில் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாலிசியின் முதல் பக்கத்தை ஷெட்யூல் என்பார்கள். வண்டி எண், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், பிரீமியக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். அவற்றுக்கு நடுவே, சிறிய எழுத்தில், ‘ஜியாகிராபிக்கல் ஏரியா’ என்று ஒரு வரி உண்டு. அதற்கு எதிரே ‘இந்தியா’ என்று அச்சாகியிருக்கும். பின்பக்கங்களில் உள்ள நிபந்தனைகளில் பொது விலக்குகள் என்ற பகுதியைத் தேடிப் படித்தால், அந்தப் பரப்புக்கு வெளியே ஏற்படும் எந்தச் சேதத்துக்கும், எந்தப் பொறுப்புக்கும் நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்பதுதான் முதல் விலக்காக நிற்கிறது. இதன் பொருள் மிகப் பெரியது. எல்லையைத் தாண்டிய பிறகு வண்டி கவிழ்ந்து நொறுங்கினாலும், நம் வண்டி மோதி வேறொருவருக்குக் காயம் ஏற்பட்டாலும், ஓட்டியவருக்கே ஏதேனும் ஆனாலும், ஃபுல் இன்சூரன்ஸ் என்று நம்பிக் கையில் வைத்திருக்கும் காகிதம் அந்த இடத்தில் பேசாது.

மாநில எல்லைக்கு இது பொருந்தாது. புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டி ஆரியங்காவு போனாலும் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போனாலும் பாலிசியில் எழுதியிருக்கும் ‘இந்தியா’ போதும். வெளி மாநிலத்திலேயே 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்துக்கொண்டால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது தனிச் சட்டம். அதற்கும் இன்சூரன்ஸ் எல்லைக்கும் தொடர்பில்லை.

இந்த விவரங்களை நான் ஏட்டிலிருந்து மட்டும் எடுத்துச் சொல்லவில்லை. என் அக்கா மகன் தன் நண்பர்களோடு காத்மாண்டு போகத் திட்டமிட்டபோது, "மாமா, பேப்பர் வேலையை மட்டும் நீங்க கூட நின்னு முடிச்சுக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டான். வண்டி 349 சி.சி. ராயல் என்ஃபீல்டு, அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது வங்கிக் கடனில் வாங்கியது, ஆகவே ஆர்.சி. புத்தகம் அவன் அப்பா பெயரில் இருந்தது. அத்தான் வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர். கையெழுத்து வேண்டிய வேலைகள் எல்லாவற்றையும் அவர் லீவில் ஊருக்கு வந்திருக்கும் நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். நம் ஊர்களில், குறிப்பாக மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம், இப்படி வெளிநாட்டில் இருக்கும் அப்பா பெயரில் வண்டியும் உள்ளூரில் இருக்கும் மகன் கையில் சாவியுமாக எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

பாளையங்கோட்டையில் எங்களுக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர், பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனத்தில் டெவலப்மெண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கொண்டுபோன காகிதங்களை அவர் வாங்கி மேஜையில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினார். பெயரில் நிறுத்தினார், ஆர்.சி.யில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். சேஸிஸ் நம்பரை அவர் படிக்க, இவனை ஆர்.சி.யில் சரிபார்க்கச் சொன்னார். அடுத்து தேதி. அங்கே ஸ்கேல் நீண்ட நேரம் நகரவில்லை. "தம்பி, இதுல ரெண்டு தேதி இருக்கு, பாத்தியளா?" என்றார்.

அந்த இரண்டு தேதிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிதாக விற்கப்படும் ஒவ்வோர் இருசக்கர வாகனத்துக்கும் ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பு, கட்டாயமானது. ஷோரூமில் பெரும்பாலும் கொடுப்பது ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டியும், நம் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமான ஓர் ஆண்டு சொந்தச் சேதக் காப்பும் சேர்ந்த பாலிசி. ஒரே தாளில் ஒன்று ஓர் ஆண்டில் முடியும், மற்றது ஐந்தாம் ஆண்டில் முடியும். வண்டிக்காரர் ஐந்தாம் ஆண்டுத் தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார். முதல் ஆண்டு முடிந்த மறுநாளே வண்டி திருடுபோனால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. போலீஸ் சோதனையில் தேர்டு பார்ட்டி இருந்தால் போதும் என்பதால் இந்த வெற்றிடம் யார் கண்ணிலும் படுவதில்லை.

மருமகன் இந்த விஷயத்தில் கவனமாகத்தான் இருந்தான். சொந்தச் சேதக் காப்பை ஆண்டுதோறும் செல்பேசியிலேயே புதுப்பித்து வந்திருக்கிறான். ஆனால் விலை குறைவாகக் கிடைத்த வேறொரு நிறுவனத்தில் புதுப்பித்திருந்தான். அது சட்டப்படி சரியே. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதத்துக்கு மட்டும் தனி பாலிசி எடுக்கலாம். அதனால் அவன் வண்டிக்குத் தேர்டு பார்ட்டி ஒரு நிறுவனத்திலும் சொந்தச் சேதம் இன்னொரு நிறுவனத்திலும் இருந்தன. உள்ளூர் ஓட்டத்துக்கு இதனால் தொல்லை இல்லை. வெளிநாடு என்றால் இரண்டு நிறுவனத்திடமும் தனித்தனியாக எல்லையை நீட்டி எழுதி வாங்க வேண்டும். ஒன்றில் மட்டும் வாங்கினால், வண்டிக்குப் பணம் கிடைக்கும், அடிபட்டவருக்குக் கிடைக்காது, அல்லது நேர்மாறாக. இதை எங்களுக்கு முதலில் சொன்னவர் அண்ணாச்சிதான். வேறு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

எல்லையை நீட்டுவது எப்படி? இந்திய மோட்டார் டேரிஃப் என்ற விதித்தொகுப்பு 2002இல் வந்தது. அதன் நான்காவது பொது விதி, பாலிசியின் பரப்பை வங்காளதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளுக்கு நீட்டிக்கொள்ள வழி செய்கிறது. கூடுதல் பிரீமியம், முழுப் பாலிசிக்கு 500 ரூபாய், தேர்டு பார்ட்டிக்கு மட்டும் என்றால் 100 ரூபாய். அதிகபட்சம் 12 மாதம். 2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதக் காப்பின் விலையை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டதால், இன்று கேட்கப்படும் தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். ஆனாலும் இந்த ஏற்பாட்டின் வடிவம் அப்படியே இருக்கிறது: முதல் எண் எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் முதல் எண் இணைப்புத் தாள், என்று அலுவலகத்தில் கேட்டால் அவர்களுக்குப் புரியும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இரண்டு நாளும் உட்பட, பாலிசியின் பரப்பில் நேபாளமும் சேர்ந்ததாகக் கருதப்படும் என்று ஒரு தாள் அடித்துத் தருவார்கள். டேரிஃப் கணக்கில் ஒரு முறை பெட்ரோல் போடும் செலவுகூட ஆகாத இந்தத் தாளுக்காகத்தான் மற்ற எல்லா வேலையும்.

மற்ற வேலை என்று நான் சொல்வது பெயர் மாற்றத்தை. வண்டி அத்தான் பெயரிலேயே இருந்திருந்தாலும், ஓர் அனுமதிக் கடிதத்தோடு மருமகன் எல்லையைக் கடந்திருக்க முடியும். ஆனால் இன்சூரன்ஸ் பக்கம் பார்த்தால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது அவருக்கான கட்டாய விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து 2018இல் இந்தத் தொகை உயர்த்தப்பட்டது. அதற்கு முன் இருசக்கர வாகனத்துக்கு அது வெறும் ஒரு லட்சம். ஆனால் இந்த 15 லட்சம் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டிப் போய் ஏதேனும் ஆனால் இந்தக் காப்பு மகனுக்கு வராது. பெயர் குறிப்பிட்டோ குறிப்பிடாமலோ மற்றவர்களுக்கென்று தனி விபத்துக் காப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியும் என்றாலும், பல ஆயிரம் கிலோமீட்டர் போகிற பிள்ளைக்கு வண்டியை அவன் பெயருக்கே மாற்றிவிடுவதுதான் நேர் வழி என்று அத்தானும் நானும் முடிவு செய்தோம். அக்காவுக்கு அதில்தான் மனம் சமாதானமானது.

வண்டியின் உரிமையாளர் காலமாகிவிட்ட வீடுகளுக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பா நினைவாக வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் அந்த இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கும். அதற்குள் வாரிசு பெயருக்கு ஆர்.சி.யையும் பாலிசியையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதற்குப் படிவம் 31.

உயிரோடு இருப்பவர் கொடுத்து மகன் வாங்குவதற்கு 29, 30 என்ற இரண்டு படிவங்கள். கடன் இருந்த வண்டி என்றால் அவற்றுக்கும் முன்னால், ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்குவதற்கான படிவம் 35. கடன் தவணை முடிந்து நாளாகியிருந்தும், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமலேயே இருந்தது, பாலிசியிலும் அப்படியே. இதை நீக்காமல் விட்டால், வண்டி முழுச் சேதமாகிப் பெரிய தொகை வரும்போது அது முதலில் வங்கியின் பெயருக்குத்தான் போகும். வங்கிக் கிளையில் என்.ஓ.சி. என்ற ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்குவதற்கு நாங்கள் அலைந்த அலைச்சலை இங்கே எழுதிப் பயனில்லை. கணக்கு முடிந்த வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் கொடுக்க இவ்வளவு தயக்கம் ஏன் என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. என்.ஓ.சி.யை வாங்கினால் அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் உடனே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும், அதற்கும் காலக்கெடு உண்டு.

படிவங்களில் சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரதி ஒட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் இதையே தொழிலாக வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி, அடியில் தெரிந்த இரும்புக் கழுத்தை டீசல் நனைத்த துணியால் துடைத்தார்; கறுப்புப் பிசின் விலகி எழுத்துகள் வெளியே வந்தன. மெல்லிய தாளை அதன்மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேய்க்கத் தேய்க்க, சாம்பல் நிறத் தேய்ப்புக்குள் வெள்ளை வெள்ளையாக எண்கள் எழுந்தன. ஐந்தா எஸ்ஸா என்று ஐயம் வரும் ஓர் எழுத்தில் மட்டும் நிறுத்தி, மறுபடி துடைத்து, மறுபடி எடுத்தார். "இதுல மங்கலா இருந்தா உள்ள திருப்பி விட்டுருவாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தாளை ஆர்.சி.யோடு வைத்துப் பார்த்த பிறகுதான் காசை வாங்கினார். இன்சூரன்ஸ் தாளில் உள்ள 17 எழுத்தும் இரும்பில் உள்ள 17 எழுத்தும் ஒன்றா என்பதை வண்டிக்காரர்களே இப்படி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஷோரூமில் தட்டச்சு செய்தவரின் விரல் ஓர் எழுத்து தவறியிருந்தால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.

புது ஆர்.சி. ஸ்பீடு போஸ்டில் வீட்டுக்கு வந்தது. அங்கேயே வேலை முடிந்துவிட்டதாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி, வண்டி கைமாறும்போது தேர்டு பார்ட்டிக் காப்பு புதியவருக்கு மாறியதாகவே கருதப்படும். ஆயினும் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்தச் சேதக் காப்பு அப்படித் தானாக மாறாது. கேட்டு வாங்கினால்தான் உண்டு. மேலும், விபத்தில்லா ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமானது அன்று, ஆளுக்குச் சொந்தமானது. முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறிக்கொண்டே போகும் அந்தத் தள்ளுபடி அத்தான் சேர்த்தது. மகனுக்கு அது வராது. அத்தான் விரும்பினால் அதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுக்குள் தாம் வாங்கும் வேறு வண்டிக்குப் பயன்படுத்தலாம். மகன் தன் கணக்கைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். தந்தை இறந்து வாரிசாக வரும் வண்டிக்கு மட்டும் விதிவிலக்கு; அங்கே போனஸும் வாரிசுக்கு வரும்.

நல்லவேளையாகச் சொந்தச் சேத பாலிசி முடியும் தறுவாயில் இருந்தது. பழைய நிறுவனத்தின் இணையதளத்தில் எல்லையை நீட்டுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. சேவை எண்ணில் பேசியவர்களுக்கும் நாங்கள் எதைக் கேட்கிறோம் என்பது புரியவில்லை. வெளிநாட்டுப் பயண இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆகவே அதே நிறுவனத்தில் புதுப்பிக்காமல், வண்ணார்பேட்டையில் கிளை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் மருமகன் பெயரில் புது பாலிசி எடுத்தோம். பழையது முடியும் நாளும் புதியது தொடங்கும் நேரமும் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில் அண்ணாச்சி பிடிவாதமாக இருந்தார். இடையில் ஒரு நாள் விழுந்தாலும் வண்டியை நேரில் பார்த்துப் படமெடுத்த பிறகே பாலிசி தருகிற நிறுவனங்கள் உண்டு. போனஸ் வைத்திருப்பவர்கள் என்றால் 90 நாள் இடைவெளி விழுந்தால் அதையும் இழப்பார்கள். விலை சில நூறு ரூபாய் கூடுதல்தான். நேரில் போய் உட்கார்ந்து, ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிகிற அலுவலகம் நம் ஊரில் இருப்பதன் மதிப்பு இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும்.

ஐந்தாண்டு தேர்டு பார்ட்டி மட்டும் பழையபடி ஷோரூம் கொடுத்த நிறுவனத்திலேயே இருந்தது. அதை நினைத்தபடி ரத்து செய்து மாற்ற முடியாது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த அரசுக் கட்டணப்படி 150 சி.சி.க்கு மேல் 350 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஐந்தாண்டுத் தேர்டு பார்ட்டி பிரீமியம் 7,365 ரூபாய். ஓராண்டு என்றால் 1,366. அந்த நிறுவனத்தின் கிளையில் புது ஆர்.சி.யின் நகலும், கோரிக்கைக் கடிதமும் கொடுத்து, பெயர் மாற்றத்தையும் நேபாள நீட்டிப்பையும் ஒரே முறையில் கேட்டோம். கடிதத்தில் எழுத வேண்டியவை அதிகம் இல்லை: பாலிசி எண், வண்டி எண், எந்த எல்லை வழியாக நுழைவது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. தேதியில் மட்டும் தாராளமாக இருக்க வேண்டும் என்பேன். சுனௌலியிலிருந்து புட்வால், நாராயண்காட், முக்லிங் வழியாகக் காத்மாண்டு போகும் சாலை மழைக்காலத்தில் அடிக்கடி மண்சரிவில் அடைபடும். 2024 ஜூலையில் இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிய மண்சரிவு அந்த நாராயண்காட்–முக்லிங் சாலையில் நடந்ததுதான். திரும்பும் தேதி தள்ளிப்போனால் நீட்டிப்பு முடிந்துவிடக் கூடாது. பணம் ஒன்றுதான் என்னும்போது பயண நாட்களின் இரு பக்கமும் சில வாரம் சேர்த்தே கேட்கலாம்.

இங்கே இலங்கையைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. நேபாளத்தைவிட நமக்கு எத்தனையோ மடங்கு பக்கம். தேயிலைத் தோட்டத்துக்கும் கடை வியாபாரத்துக்கும் அங்கே போய் வந்த குடும்பங்கள் இந்தச் சீமையில் தெருவுக்குத் தெரு உண்டு. டேரிஃப் பட்டியலிலும் இலங்கை இருக்கிறது. ஆனால் அதே நீட்டிப்புத் தாளின் கடைசி வரி, வண்டியை அந்த நாட்டுக்குக் கொண்டுசெல்லும் கடல் பயணத்திலோ விமானப் பயணத்திலோ ஏற்படும் சேதத்துக்கும் காயத்துக்கும் பொறுப்புக்கும் இது பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. கப்பலில் போகும் வண்டிக்குச் சரக்குக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். சுங்கத்துக்குக் கார்னே என்ற உத்தரவாத ஆவணமும் வேண்டும். அது வண்டியை அங்கே விற்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்கான உறுதி, இன்சூரன்ஸ் அன்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் ஆட்களை ஏற்றிச் செல்வது. வண்டியை ஏற்றிக்கொண்டு போய் யாழ்ப்பாணத்தில் இறக்கி ஓட்டலாம் என்று எண்ணிக் கிளம்பக் கூடாது. மியான்மர், தாய்லாந்து போன்ற நாடுகள் பட்டியலிலேயே இல்லை. அங்கே நம் பாலிசியை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. அந்தந்த நாட்டில் எடுக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்தான் வழி.

பெயரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. இனிஷியல் போடும் வழக்கம் நமக்கு இயல்பானது, ஆனால் நம் மாநிலத்துக்கு வடக்கே போகப் போக அது யாருக்கும் புரிவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு ஆர்.சி.யில் முருகன் எஸ்., வாக்காளர் அட்டையில் சு. முருகன், பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பையா, பாலிசியில் எஸ். முருகன் என்று நான்கு விதமாக இருக்கும். நம் ஊரில் நான்கும் ஒரே ஆள் என்று சிறு பிள்ளையும் சொல்லும். எல்லையில் இருக்கும் அதிகாரிக்கு அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. குறைந்தபட்சம் ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, கையில் கொண்டுபோகும் அடையாள ஆவணம் ஆகிய நான்கிலாவது பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி, பாலிசியைத் திருத்தி வாங்கிக்கொள்வது எளிது. பாலிசியில் எழுத்துத் திருத்தத்தைக் கிளை அலுவலகத்திலேயே செய்து தருகிறார்கள். நேபாளத்துக்கு ஆதார் அட்டையை நம்பிப் போக வேண்டாம். சிறுவர், முதியவர் தவிர மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோதான் செல்லும்.

இந்தியாவுக்குள் டிஜிலாக்கரில் உள்ள ஆர்.சி.யையும் லைசென்ஸையும் போலீஸ் ஏற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி எல்லைக்கு அப்பால் இல்லை. மூலப் பிரதிகள், பாலிசி இரண்டும், நீட்டிப்புத் தாள் இரண்டும், புகைச் சான்று எல்லாவற்றையும் அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இன்னொரு நகல் செட்டை நண்பர் வண்டியில் வைக்கச் சொன்னேன். நேபாளச் சுங்க அலுவலகத்தில், அங்கே பன்சார் என்பார்கள், நாள் கணக்கில் பணம் கட்டி வண்டிக்கு ஒரு சீட்டு வாங்க வேண்டும். வெளியே வரும் வரை அந்தச் சீட்டு பத்திரமாக இருக்க வேண்டும். அது வண்டி உள்ளே இருப்பதற்கான அனுமதி. இன்சூரன்ஸும் அதில் சேர்ந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு, சேரவில்லை.

நீட்டித்து வாங்கிய பாலிசியிலும் கிடைக்காதவை உண்டு. வழியில் வண்டி நின்றால் வந்து உதவும் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எல்லைக்கு அப்பால் வருமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வராது என்று எடுத்துக்கொண்டு கயிறும் பஞ்சர் கிட்டும் கொண்டுபோவதே மேல். கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டால் அந்த ஆஸ்பத்திரிச் செலவை வண்டியின் பாலிசி கொடுக்காது. அதற்குத்தான் பயண இன்சூரன்ஸ்; அதிலும் இருசக்கர வாகனம் ஓட்டும்போது ஏற்படும் விபத்தை விலக்கியிருக்கிறார்களா, எவ்வளவு உயரம் வரை செல்லும் என்ற இரண்டையும் படித்துப் பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் யாருக்கு, எந்த மின்னஞ்சலில், எவ்வளவு நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைக் கிளை மேலாளரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி உறைக்குள் வைத்தோம். அங்குள்ள போலீசாரின் எழுத்துப் பதிவும், வண்டியை நகர்த்துவதற்கு முன் எடுத்த படங்களும் இல்லாமல் இங்கே வந்து கிளெய்ம் கேட்பது வீண் முயற்சி.

மருமகனும் நண்பர்களும் ஒரு கீறலும் இல்லாமல் போய் வந்தார்கள். உறையைப் பிரிக்கும் தேவை பன்சாரில் மட்டும் ஏற்பட்டது. அடுத்த முறை பூட்டான் என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நேபாளத்துக்கென்று வாங்கிய தாள் பூட்டானுக்கு ஆகாது. நாட்டின் பெயரை எழுதித்தான் அதைக் கொடுக்கிறார்கள். பாலிசியைப் புதுப்பித்தாலும் நீட்டிப்பு தானாகத் தொடராது, புது பாலிசியின் ஷெட்யூலில் பழையபடி ‘இந்தியா’ என்றே வரும். ஆகவே புயென்ட்ஷோலிங் வழியாக நுழையப்போகும் தேதிகளைக் குறித்து, இரண்டு நிறுவனத்துக்கும் புதிதாக இரண்டு கடிதம் எழுதிக்கொண்டு வரும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.